கோடு விலகிய நட்டு

பேய் ராத்திரியில்தான் வரும் என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை. எனக்கு அது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே வந்தது. சரியாக நான்கு இருபத்திரண்டுக்கு. நான் தூங்கவில்லை. காய்ச்சல் இல்லை. பெட்ரோல் வாடையில் தலை சுற்றியிருக்கும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வாடையோடு இருபது வருடமாகக் குடித்தனம் நடத்துகிறவள் நான். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். நம்புகிறவர்கள் நம்பட்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் பெட்ரோல் கசிவு கண்டுபிடித்துச் சரி செய்வது என் தொழில். நாற்பது வயதுக் கார்கள். வெளியே கல்யாண மாப்பிள்ளை மாதிரி மினுக்கும். உள்ளே ரப்பர் ஹோஸ் எல்லாம் உளுத்துப்போயிருக்கும். அந்தக் காலத்து ரப்பருக்கு இந்தக் காலத்துப் பெட்ரோல் ஆகாது. உள்ளிருந்தே தின்றுவிடும். நான் மோப்பம் பிடித்தே பாதிக் கசிவைச் சொல்லிவிடுவேன். சக மெக்கானிக்குகள் என்னை 'மூக்கு அக்கா' என்பார்கள். பாராட்டா கிண்டலா என்று நான் கேட்டதில்லை.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு நட்டை இறுக்கி முடித்ததும், நட்டின் மேலும் அதை ஒட்டிய குழாயின் மேலும் சேர்த்து, பெயிண்ட் பேனாவால் ஒரே கோடாக இழுப்போம். கோடு நேராக இருக்கும்வரை நட்டு இறுக்கமாக இருக்கிறது என்று அர்த்தம். நட்டு கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து இரண்டு துண்டாக விலகிவிடும். அதைப் பார்த்தாலே, இறுக்கிய பிறகு இது அசைந்திருக்கிறது என்று தெரியும். நான் முன்பு வேலை பார்த்த பட்டறையில் ஆளுக்கு ஒரு நிறம். என்னுடையது வெள்ளை. என் வீட்டுக்காரருடையது மஞ்சள்.

அதே பட்டறையில்தான் அவரும் வேலை பார்த்தார். நாங்கள் பேசிப் பழகியதே ஒரு காருக்கு அடியில்தான். பட்டறையில் அவர் பெயரே 'கோடு'. அவ்வளவு கிறுக்கு. எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டர், தண்ணீர்க் குழாய், மகளின் மூன்று சக்கர சைக்கிள், எல்லாவற்றிலும் மஞ்சள் கோடு இருக்கும். இடது கைக்காரர். கோட்டை இழுத்து முடிக்கும்போது கடைசியில் சின்னதாக ஒரு வால் இடப்பக்கம் திரும்பும். ஆயிரம் கோட்டுக்கு நடுவே அந்த வாலை வைத்து அவருடையதைப் பிரித்துக் காட்டிவிடுவேன்.

பட்டறை முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் 'அசல்'. அவர் பழைய கார்களைப் போட்டிக்குக் கொண்டுபோகிறவர். அந்தப் போட்டியில் நடுவர்கள் டார்ச் அடித்து என்ஜினைப் பார்ப்பார்கள். தொழிற்சாலையில் இருந்து வந்தபோது இருந்த சாமான் இல்லாமல் புதுசாக ஒரு கிளிப் தெரிந்தால்கூட மதிப்பெண் போய்விடும். அதனால் மனிதர் வாயைத் திறந்தால் அசல், அசல், அசல்தான்.

பதினோரு வருடங்களுக்கு முன் ஒரு போட்டிக்கு முதல் நாள், அவருடைய சிவப்புக் காரில் என் வீட்டுக்காரர் பெட்ரோல் ஹோஸ் மாற்றினார். மறுநாள் காலையில் அந்தக் காரைப் போட்டி மைதானத்துக்கு ஓட்டிக்கொண்டு போனவரும் அவர்தான். பாதி வழியில் கார் எரிந்தது. கதவு திறக்கவில்லை.

விசாரணை அறிக்கையில் ஒரு வரி எழுதினார்கள். "குழாய் நட்டு தளர்ந்திருந்தது, பொருத்தியவரின் கவனக்குறைவு." சாவு வீட்டுக்கு வந்த அசல், வாசலில் நின்றுகொண்டு யாரிடமோ சொன்னது என் காதில் விழுந்தது. "கோடு கோட்டை விட்டுட்டான்." கூட நின்ற இரண்டு பேர் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். அன்றைக்கு என் வயிற்றில் பிடித்த நெருப்பு அணையவே இல்லை. அந்த ஆள் நன்றாக இருக்கக் கூடாது என்று நான் நினைக்காத நாள் கிடையாது. இதை மறைத்து நல்லவளாக வேஷம் போட எனக்குத் தெரியாது.

அதைவிடப் பெரிய வலி போன வருடம் வந்தது. என் மகள் பீரோவில் அந்த அறிக்கையை எடுத்துப் படித்துவிட்டாள். பதின்மூன்று வயது. "அப்பா நிஜமாவே இறுக்க மறந்துட்டாராம்மா?" என்று கேட்டாள். அவர் மறக்கிறவர் இல்லை என்று மட்டும் சொன்னேன். அவள் அதை நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அந்த ஒரு வரி பொய் என்று அவளுக்குக் காட்ட, என்னிடம் ஒன்றுமே இல்லை.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

முந்தின நாள், சனிக்கிழமை, அசல் என் பட்டறை வாசலில் வந்து நின்றார். பதினோரு வருடம் கழித்து. கொஞ்சமும் கூச்சம் இல்லை. கூடவே ஒரு வெள்ளி நிறக் கார். எரிந்துபோன காரின் அதே மாடல். நாலு வருடத்துக்கு முன் எங்கிருந்தோ வாங்கியதாம். என் வீட்டுக்காரர் இதைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. இதை மறந்துவிடாதீர்கள்.

"உள்ள உக்காந்தா பெட்ரோல் வாடை அடிக்குதும்மா. மூணு பேர் பாத்துட்டானுங்க. ஒருத்தனுக்கும் சிக்கல. உன் மூக்குதான் பாக்கணும்."

"எப்ப வேணும்?"

"நாளைக்குச் சாயங்காலம். திங்கக்கிழம காலைல போட்டி."

முடியாது என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். ஆனால் அவர் காரின் குடலை ஒரு தடவையாவது பிரித்துப் பார்க்க வேண்டும் என்று ஒரு வெறி உள்ளுக்குள் இருந்தது. சாவியை வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு. பட்டறை விடுமுறை. நான் மட்டும். வெளியே மழை தூறியது. பின்கதவும் ஷட்டரும் காற்றுக்காகத் திறந்தே இருந்தன.

2.50-க்கு என்ஜினை ஓடவிட்டேன். 3.05-க்கு நிறுத்தினேன். பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜ் மாட்டியிருந்தேன். முள் நாற்பதில் நின்றது. பெட்ரோல் பம்ப்பின் ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். ஒன்பது இணைப்புகளையும் துடைத்துவிட்டு, மேலே முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவினேன். ஒரு சொட்டு கசிந்தாலும் பவுடரில் கறை விழும். கீழே ஒரு தகரத் தட்டு வைத்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன். கசிவு பார்க்கும் வேலையில் முக்கால்வாசி, சும்மா உட்கார்ந்திருப்பதுதான்.

3.40. முள் முப்பத்தொன்று. எங்கோ கசிகிறது. பவுடர் எல்லாம் காய்ந்தே இருந்தது.

4.10. முள் பன்னிரண்டு. பவுடரில் ஒரு புள்ளி கறைகூட இல்லை. தட்டிலும் இல்லை. ஆனால் காருக்குள் உட்காரும் இடத்தில் வாடை மூக்கைத் துளைத்தது. எனக்கே அசிங்கமாகப் போய்விட்டது. நாலாவது ஆளாக நானும் கையை விரிக்க வேண்டியதுதானா என்று நினைத்தேன்.

4.22.

ம்ம்ம்ம்ம்...

பம்ப் ஓடும் சத்தம். சன்னமாக, சீராக.

சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன். ஃபியூஸ் அங்கேதான் இருந்தது. சாவி மேஜை மேல் இருந்தது. பேட்டரி வயரையும் கழற்றிவிட்டேன். சத்தம் நிற்கவில்லை.

கேஜைப் பார்த்தேன். முள் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. பதினைந்து... இருபது... என்ஜின் சூட்டில் பிரஷர் கொஞ்சம் ஏறுவது உண்டு. ஆனால் அது நிறுத்திய கொஞ்ச நேரத்துக்குத்தான். இந்த என்ஜின் நின்றே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

4.26. போன் அடித்தது. துள்ளிவிட்டேன். மகள்.

"அம்மா, எப்ப வருவீங்க?"

"ஆறரை ஏழு ஆகும். சாப்பிட்டியா?"

"ம்... அங்க என்னம்மா மோட்டார் ஓடுது? ம்ம்முன்னு கேக்குது."

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். ஆக, என் காதில் கோளாறு இல்லை.

முள் நாற்பதுக்கு வந்து நின்றது. சத்தமும் நின்றது. மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

4.31. டார்ச்சை எடுத்துக்கொண்டு என்ஜின் பக்கம் குனிந்தேன். முதல் இணைப்பு, இரண்டாவது, மூன்றாவது... வெள்ளைப் பவுடர், தூவியது தூவியபடி. நான்காவதில் டார்ச் நின்றது.

நட்டின் மேல் ஒரு கோடு. மஞ்சள்.

பவுடர் கலையவில்லை. கோடு பவுடருக்கு மேலே இருந்தது.

மஞ்சள் பேனா ஊரெல்லாம் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றரை மணி நேரத்துக்கு முன் இந்த நட்டை நான்தான் துணியால் துடைத்தேன் என்பதும் நினைவுக்கு வந்தது.

தொட்டேன். ஈரம். விரல் நுனி மஞ்சளானது.

கோட்டின் கடைசியில் சின்னதாக ஒரு வால்... இடப்பக்கம்.

அவருடைய பழைய பேனா என் மேஜை டிராயரில் இருக்கிறது. பதினோரு வருடமாக. ஓடிப்போய்த் திறந்தேன். இருந்தது. மூடி போட்டபடி. முனை கல்லாகக் காய்ந்திருந்தது.

திரும்பி வந்தேன். ஐந்தாவது நட்டிலும் கோடு.

ஒரே ஹோஸின் இரண்டு முனைகள். மற்ற ஏழிலும் இல்லை.

"ஏங்க..." என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.



4.36.

க்ரிக்.

நான்காவது நட்டு. என் கண் முன்னால். கால் சுற்று திரும்பியது.

கோடு உடைந்தது. பாதி நட்டில். பாதி குழாயில்.

க்ரிக்.

ஐந்தாவது.

முள் நாற்பதில் இருந்து பூஜ்யத்துக்கு விழுந்தது... டக்.

ஒரு சொட்டு பெட்ரோல் வெளியே வரவில்லை.

எனக்கு ஓடத் தோன்றவில்லை. இருபது வருடமாக அந்தக் கோட்டைப் படித்துப் பழகிய கண் இது. என்ன எழுதியிருக்கிறது என்று புரிந்துவிட்டது. 'நான் இறுக்கினேன்... அதற்குப் பிறகு ஒருத்தன் திறந்தான்' என்கிறார்.

போட்டோ எடுக்கலாம் என்று போனை எடுத்துத் திருப்பினேன். இரண்டு நட்டிலும் வெறும் பவுடர்தான் இருந்தது. ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன். இரண்டும் கெட்டியாக, இறுக்கமாக இருந்தன. என் விரலில் மட்டும் மஞ்சள் இருந்தது. பெயிண்ட்டைக் கரைக்கும் தின்னர் தொட்டுத் துடைத்ததும் அதுவும் போய்விட்டது.

4.40-க்கு அந்த ஹோஸைக் கழற்றி மேஜையில் வைத்துக் கத்தியால் நீளமாகக் கிழித்தேன். வெளியே துணி உறை. தொழிற்சாலையின் அச்சு எழுத்து பளிச்சென்று இருந்தது. அது மட்டும்தான் அசல். உள்ளே சொருகியிருந்தது தண்ணீருக்குப் போடும் மலிவான ரப்பர் ஹோஸ். கசக்கினால் ஈரக் கரி மாதிரி உதிர்ந்தது. அதில் கசிந்த பெட்ரோல் துணி உறைக்குள்ளேயே ஊர்ந்துபோய், உட்காரும் இடத்துச் சுவருக்குப் பின்னால் வெளியேறியிருக்கிறது. அதனால்தான் எந்த இணைப்பிலும் கறை இல்லை. மூன்று பேருக்கும் சிக்காத கசிவு இதுதான்.

புது ஹோஸ் போட்டேன். கறுப்பு. இந்தக் காலத்துப் பெட்ரோலைத் தாங்குவது. நட்டை இறுக்கினேன். வெள்ளைக் கோடு இழுத்தேன். போட்டோ எடுத்தேன். என்ஜினை ஓடவிட்டு மறுபடி பார்த்தேன். முள் நாற்பதை விட்டு இறங்கவில்லை. என் வேலை சுத்தம்.

6.40-க்கு அசல் வந்தார். வந்ததும் நேராக என்ஜின் பக்கம் போய்க் குனிந்தார்.

"என்னம்மா இது, கறுப்பு ஹோஸ் பல்லை இளிக்குது? நடுவர் முதல்ல இங்கதான் டார்ச் அடிப்பான். அசல் எங்க?"

மேஜையைக் காட்டினேன். கிழித்துப் போட்டிருந்ததைப் பார்த்ததும் முகம் சுருங்கியது.

"உறை மட்டும்தான் அசல். உள்ள சொருகினது யாரு?"

"நான்தான். உள்ள எவன் பாக்கிறான்?" தலையை ஆட்டிக்கொண்டார். "சரி விடு. இதே மாதிரி இன்னொன்னு வீட்ல இருக்கு. ராத்திரி நானே மாத்திக்கிறேன். எனக்கு என்ன புதுசா? அன்னைக்கும் உன் வீட்டுக்காரன் இப்படித்தான் கறுப்பு ஹோஸைப் போட்டுட்டுப் போனான். போட்டிக்குப் போற கார்ல..."

நிறுத்திவிட்டார்.

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் என்ன. பழைய கதை."

"நீங்க மாத்துனீங்களா?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. சாவியை மேஜையில் இருந்து எடுத்தார். பதினோரு வருடமாக என் வீட்டில் கிடந்த கேள்விக்கு, அந்த ஆளின் குனிந்த தலை பதில் சொல்லிவிட்டது. ஸ்பேனர் என் கையில்தான் இருந்தது. அதைக் கீழே வைத்தேன். எப்படி வைத்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

"நான் போட்ட நட்டைத் திறக்காதீங்க. திறந்தா எரியும்."

"பயமுறுத்தாதம்மா" என்று சிரித்தார்.

ஒரு தடவை சொன்னேன். இரண்டாவது தடவை சொல்லியிருக்கலாம். சாவியைப் பிடுங்கியிருக்கலாம். செய்யவில்லை. செய்ய எனக்கு மனசு வரவில்லை.

காரில் ஏறும்போது தன் கட்டை விரலைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க எங்கயோ பெயிண்ட் ஈரமா இருக்கு. பாத்துச் செய்யக்கூடாதா?"

விரலில் மஞ்சள். நான் அன்றைக்கு அந்தக் காரில் இழுத்த பெயிண்ட் வெள்ளை மட்டும்தான். தின்னர் நனைத்த துணியை நீட்டினேன். தேய்த்தார், தேய்த்தார்... போகவில்லை. முணுமுணுத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். 6.52.

திங்கட்கிழமை காலை 9.20-க்கு, போட்டி மைதானத்துக்குப் போகும் வழியில் அந்தக் கார் எரிந்தது.

அவர் சாகவில்லை. இரண்டு கைகளும் வெந்துவிட்டன. விரல்கள் மடங்காதாம். இனி ஸ்பேனர் பிடிக்க முடியாது. எனக்குப் பாவமாக இல்லை. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? ஆஸ்பத்திரியில் இன்றைக்கும் நர்ஸிடம் ஒன்றையே கேட்கிறாராம். "அந்தப் பம்ப்பை நிறுத்துங்க. ஓடிக்கிட்டே இருக்கு." நான் கேட்ட சத்தத்தைப் பற்றி வெளியே யாரிடமும் சொல்லவில்லை. என் மகளுக்கும் அது வெறும் மோட்டார்தான்.

மூன்றாம் நாள், தீ விபத்து விசாரணை செய்கிற அதிகாரி என் பட்டறைக்கு வந்தார். சின்ன வயது, அமைதியான ஆள். நான் எடுத்த போட்டோவைக் காட்டினேன். கிழித்த ஹோஸைக் காட்டினேன். ராத்திரி மாற்றிக்கொள்கிறேன் என்று அசல் சொன்னதையும் சொன்னேன்.

"நீங்க எச்சரிச்சீங்களா?"

"சொன்னேன்."

எழுதிக்கொண்டார். எத்தனை தடவை என்று அவர் கேட்கவில்லை.

பதினோரு வருடத்துக்கு முந்தின தீயைப் பற்றியும் சொன்னேன். அதே மாடல், அதே ஹோஸ், அதே ஆள். அவர் பேனாவை மூடிவிட்டு என்னையே பார்த்தார். பழைய சாமான்கள் இன்னும் கிடங்கில் இருக்கும், எடுத்துப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். மேஜை மேல் ஒரு பழைய போட்டோ இருந்தது. தீக்குப் பிறகு எடுத்தது. குழாயோடு ஒட்டிய ஒரு நட்டு. முழுக்கக் கரி. வேறு ஒன்றும் அதில் இல்லை. பக்கத்தில் அரக்கு வைத்து மூடிய ஒரு கனத்த பிளாஸ்டிக் பை. அதே நட்டு, அதே குழாய். மேலே தேதி, கையெழுத்து. கிடங்குப் பதிவேட்டின்படி அன்றிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. எங்கள் முன்னால் பிரிக்க வேண்டும் என்று வைத்திருந்தாராம்.

பையைக் கத்தரித்தார். நட்டை விளக்கடியில் திருப்பினார். கை நின்றது.

"இது யாரு நிறம்?"

"எங்க அப்பாவோடது" என்றாள் மகள். நான் சொல்வதற்கு முன்னால்.

மஞ்சள் கோடு. கடைசியில் இடப்பக்கம் ஒரு வால். கோட்டின் பாதி நட்டில், பாதி குழாயில். நடுவில் கால் சுற்று விலகல்.

அதிகாரி நட்டை இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தார். "இறுக்கியிருக்காரு. அதுக்கப்புறம் வேற யாரோ திறந்திருக்காங்க" என்றார். அதைத்தான் அறிக்கையிலும் எழுதினார். பழைய வரியை அடித்துவிட்டார்கள். அந்தக் காகிதம் இப்போது என் மகளின் புத்தகப் பைக்குள் இருக்கிறது.

ஆனால் அவர் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு. எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள் என்று சொல்லிவிட்டார்.

நட்டைக் கீழே வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்தார். கட்டை விரலில் மஞ்சள் ஒட்டியிருந்தது.

பதினோரு வருடம் மூடிக் கிடந்த பை அது. கோடு இன்னும் காயவில்லை.